குறிப்பேட்டில் வானத்துக்கு ஒரு கட்டம்

என் ஆராய்ச்சி வாழ்க்கையில் அதிகம் செலவழிந்த பொருள் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: கறுப்பு டேப். ஒயரில் சுற்றுகிறோமே, அதே டேப்தான். துகள் இயற்பியல் என்றதும் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வளையச் சுரங்கமும், அதில் வரிசையாக நிற்கும் மீகடத்திக் காந்தங்களும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் டிடெக்டர் செய்கிறவனின் நாள் டேப்பிலும் கேபிளிலும் கிரீஸிலும் கழிகிறது. மிச்ச நேரம் ஒரே ஒரு சந்தேகத்தில் போகிறது. திரையில் இப்போது தெரிவது உலகமா, என் கருவியின் கோளாறா?

"துகளை நேரில் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. மின்னூட்டம் உள்ள ஒரு துகள் ஏதாவது ஒரு பொருளுக்குள் பாய்ந்து போகும்போது வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டுப் போகிறது. அது விட்டுச் செல்வது அவ்வளவுதான். அந்த எலக்ட்ரான்களை வாயுவில் பெருக்கிப் பொறுக்கினால் கைகர் கவுண்டர். அவை தூண்டிய ஒளியைப் பிடித்தால் சிண்டிலேட்டர். சில்லுக்குள் சேகரித்தால் சிலிக்கான் டிடெக்டர். ஆர்கான் வாயுவில் ஒரு எலக்ட்ரானைப் பிரிக்கச் சராசரியாக 26 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) செலவாகும், சிலிக்கானில் 3.6 போதும். ஒரே துகள் அதே ஆற்றலை இழந்தாலும் சிலிக்கானில் ஏழு மடங்கு எலக்ட்ரான் கிடைக்கும் என்று அர்த்தம். இந்தத் துறையின் பாதிச் சண்டைகள் இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவை.

ஆரம்பத்தில் மனிதக் கண்தான் டிடெக்டர். 1909-ல் கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, துத்தநாக சல்பைடு பூசிய திரையில் ஆல்பா துகள் விழும் ஒவ்வொரு மினுக்கையும் மைக்ராஸ்கோப் வழியாக எண்ணினார்கள். ஏறத்தாழ 8,000 துகள்களுக்கு ஒன்று உலோகத் தகட்டில் பட்டுத் திரும்பி வந்தது. அந்த ஒன்றிலிருந்துதான் ரூதர்ஃபோர்டுக்கு அணுக்கரு கிடைத்தது. எனக்கு இதில் வியப்பு அந்த ஒன்றின் மேல் அல்ல. கண் களைத்துப்போய் இல்லாத மினுக்கு ஒன்றை மூளை காட்டாது என்று அவர்கள் எப்படி நம்பினார்கள் என்பதில்தான். பிற்பாடு ஆளில்லாமல் எண்ணும் கருவியைச் செய்தவரும் அதே கைகர்தான். முல்லருடன் சேர்ந்து 1928-ல் அதை இன்று நாம் அறிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இருட்டறையில் உட்கார்ந்து எண்ணியவருக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

யாரும் துகளைப் பார்த்ததில்லை என்றேன். கிட்டத்தட்ட ஒரு விதிவிலக்கு உண்டு. அப்போலோ விண்வெளி வீரர்கள் இருட்டில் கண்ணை மூடியிருந்தபோதும் சின்னச் சின்ன ஒளிக்கீற்றுகள் தெரிந்ததாகச் சொன்னார்கள். விண்வெளியிலிருந்து வரும் துகள்களான காஸ்மிக் கதிர்கள் அவர்கள் கண்ணுக்குள் பாய்ந்ததுதான் காரணம். அங்கே திரையும் இல்லை, கேபிளும் இல்லை. சில சமயம் அவர்கள் மேல் பொறாமையாக இருக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் முதலில் செய்தது மியூவான் டிடெக்டர். அநேகமாக எல்லோருமே அதில்தான் தொடங்குகிறோம். மியூவான் எலக்ட்ரானின் கனத்த உறவுக்காரன். 207 மடங்கு நிறை. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், இவை பிறக்கின்றன. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்து விழுகின்றன. உள்ளங்கையை நீட்டினால் வினாடிக்கு ஒன்றுபோல அதைத் துளைத்துப் போகும். கதிரியக்கப் பொருள் வாங்க வேண்டாம், அனுமதிக்கு அலைய வேண்டாம். இரவும் பகலும் இலவசம்.

கையில் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகைகள். ஒவ்வொன்றும் 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமன். பார்த்தால் கண்ணாடிபோல இருக்கும். ஓரத்தில் மட்டும் லேசாக நீலம் தட்டும். ஒரு மியூவான் இதைக் கடக்கும்போது சுமார் 2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை விட்டுவிட்டுப் போகும். அதில் ஏறத்தாழ 20,000 ஒளித்துகள்கள் கிளம்பும். கேட்க நிறையத் தோன்றும். ஆனால் அதில் சொற்பமே பலகையின் முனையில் ஒட்டியிருக்கும் போட்டோமல்டிபிளையர் குழாயை வந்தடையும். வந்ததிலும் நாலில் ஒன்றுதான் எலக்ட்ரானாக மாறும். அந்தச் சில எலக்ட்ரான்களை 1,500 வோல்ட் அழுத்தத்தில் படிப்படியாக மோதவைத்துப் பத்து லட்சம் மடங்காக்குகிறது குழாய். தனி ஒரு ஒளித்துகளையே விடாமல் பிடிக்கும் கருவி அது. அறை விளக்கின் வெளிச்சம் அதற்குள் ஊசிமுனை அளவு நுழைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டேப் அதற்காகத்தான்.

டேப் சுற்றுவதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளர். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். முதலில் அலுமினியத் தாள், அதன்மேல் கறுப்புத் தாள், அதன்மேல் டேப். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். மூலையில் மடிப்பு விழாமல் திருப்ப வேண்டும். இவற்றையெல்லாம் விட முக்கியம், இழுத்துச் சுற்றக்கூடாது. "இழுத்துச் சுத்துனா இன்னைக்கு நல்லா பிடிச்ச மாதிரி இருக்கும் தம்பி. நாலு நாள்ல அது தன் நீளத்துக்குத் திரும்பிடும்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு, எங்கோ ஒரு மூலையில் இழுத்துத்தான் சுற்றியிருக்கிறேன்.

இருட்டாக்கிவிட்டு டார்ச் விளக்கால் பலகையை அங்குலம் அங்குலமாகத் தடவுவதுதான் சோதனை. ஒளி கசியும் இடத்தில் எண்ணிக்கை எகிறும். அன்று எங்கும் எகிறவில்லை. மின்துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் முதல் துடிப்பைப் பார்த்தேன். கீழ்நோக்கிச் சரேலென்று விழும் ஒரு கோடு. மூன்று நான்கு நானோ வினாடியில் அடியைத் தொட்டு, சற்று நிதானமாக மேலேறி, பழைய மட்டத்துக்குத் திரும்பியது. பிறகு இன்னொன்று, கொஞ்சம் உயரம் கூட. அப்புறம் ஒரு சின்னது. என்னைத் தாண்டி இவ்வளவு நேரமும் இவை போய்க்கொண்டிருந்தன என்று புரிந்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். (அதற்குள் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் அதன் குட்டி நகல் ஒன்று வருவதை அண்ணன் கவனித்துவிட்டார். கேபிளின் முனையில் 50 ஓம் தடையை மாட்ட மறந்திருந்தேன். துடிப்பு போய் முட்டி எதிரொலித்துக்கொண்டிருந்தது.)

ஒரு பலகையின் எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது. குழாயின் சொந்த இரைச்சல், சுவரிலிருந்து வரும் காமா கதிர் எல்லாம் அதில் கலந்திருக்கும். என் பலகை ஒவ்வொன்றும் வினாடிக்கு 500 எண்ணியது. மியூவான் அதில் 16 போல. ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பலகையை வைத்து, இரண்டிலும் ஒரே கணத்தில் துடிப்பு வந்தால் மட்டும் எண்ணுவோம். உடனிகழ்வு முறை என்று பெயர். 1920-களில் வால்டர் போட்டே தொடங்கிவைத்தது. பின்னாளில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இரண்டும் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பைக் கணக்கிடுவது எளிது. ஒரு பலகையின் வீதத்தை இன்னொன்றின் வீதத்தால் பெருக்கி, அதைத் துடிப்பு அகலத்தின் இருமடங்கால் பெருக்க வேண்டும். என் துடிப்புகளை 50 நானோ வினாடி அகலமாக்கியிருந்தேன். 40 வினாடிக்கு ஒரு பொய் எண்ணிக்கை. மறந்துவிடக்கூடிய அளவு. நான் அதை உண்மையிலேயே மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கருவி தானாக ஓடியது. மணிக்கு மணி எண்ணிக்கையை வரைந்து பார்த்தால் தினமும் மாலை 4 மணி வாக்கில் ஒரு மேடு. 15 சதவீதம் அதிகம். ஒரு மணி நேரத்துக்கு 57,600 எண்ணிக்கை வர வேண்டும். அதில் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 240. எனக்கு வந்த உபரியோ 9,000. முப்பத்தேழு மடங்கு! ஐந்து மடங்கு வந்தாலே கண்டுபிடிப்பு என்று அறிவிக்கிற துறை இது. அன்று இரவு தூங்கவில்லை. சூரியனிலிருந்து ஏதோ வருகிறது, பகலில் வராமல் மாலையில் மட்டும் ஏன் வருகிறது, பூமியின் காந்தப்புலம் திருப்பிவிடுகிறதோ என்றெல்லாம் மூன்று பக்கம் எழுதினேன். அந்த மூன்று பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டமாட்டேன்.

மறுநாள் வரைபடத்தை அண்ணனிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"தனித்தனி கவுண்ட் எங்கப்பா?"

"அதை எழுதலண்ணே. ரெண்டும் சேர்ந்து வர்றதை மட்டும்தான் எழுதினேன்."

"இந்த ரெண்டு நாள் மேடே இல்லையே. அன்னைக்கு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. "அன்னைக்கு மேகமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மேற்கு ஜன்னலைப் பார்த்தார்.

மாலை 4 மணிக்கு அந்த ஜன்னல் வழியாக விழும் வெயில் தரையில் ஊர்ந்து வந்து, கீழ்ப்பலகையின் இடது மூலையில் ஒரு மணி நேரம் தங்கிப் போகும். அந்த மூலையில் டேப் தன் நீளத்துக்குத் திரும்பியிருந்தது. நகத்தின் நுனி அளவு இடைவெளி. டார்ச் சோதனை செய்த அன்று அது இல்லை. அந்த ஒரு மணி நேரம் கீழ்ப்பலகை 500-க்குப் பதில் 50,000 எண்ணியிருக்கிறது. நூறு மடங்கு. 40 வினாடிக்கு ஒன்றாக இருந்த பொய் எண்ணிக்கையும் நூறு மடங்காகி, வினாடிக்கு இரண்டரை. என் 15 சதவீதம் அதுதான். கணக்கு தசம இடம்வரை ஒத்துப்போனதுதான் கொடுமை.

அப்போது அடைந்த வெட்கம் 2011-ல் கொஞ்சம் குறைந்தது. ஜெனீவாவிலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ வரை 730 கிலோமீட்டர் பாறைக்குள் போன நியூட்ரினோக்கள் (எதையும் ஊடுருவிப் போகும், மின்னூட்டமற்ற துகள்கள்) ஒளியைவிட 60 நானோ வினாடி முந்தி வந்ததாக ஓபரா குழு அந்த செப்டம்பரில் அறிவித்தது. உலகமே பரபரத்தது. சில மாதம் கழித்து ஆப்டிகல் ஃபைபர் கேபிள் ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருந்தது தெரியவந்தது. பலர் அவர்களைக் கேலி செய்தார்கள். நான் செய்யவில்லை. அவர்கள் மாதக்கணக்கில் தேடிப் பார்த்துவிட்டு, எங்களால் தவறைக் கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்களும் பாருங்கள் என்றுதான் முன்வைத்தார்கள். மூன்று பக்கம் எழுதிய எனக்கு அவர்களைக் கேலி செய்யும் தகுதி கிடையாது.

டேப்பை உரித்து மறுபடி சுற்றினேன், இழுக்காமல். அதே பலகைகளை வைத்து மியூவானின் ஆயுளையும் அளந்தேன். பலகைக்குள்ளேயே நின்றுவிடும் மியூவான் சற்று நேரத்தில் சிதைந்து ஒரு எலக்ட்ரானைத் துப்பும். முதல் துடிப்புக்கும் இரண்டாவதுக்கும் இடைப்பட்ட நேரத்தைத் திரட்டினால் ஆயுள் கிடைக்கும். புத்தகத்தில் 2.197 மைக்ரோ வினாடி. எனக்கு 2.1. மறுபடியும் கருவியைக் குடைய ஆரம்பித்தேன். இம்முறை கருவி சரியாகவே இருந்தது. எதிர்மின் மியூவான்களில் சிலவற்றைப் பிளாஸ்டிக்கிலுள்ள கார்பன் அணுக்கரு சிதைவதற்கு முன்பே விழுங்கிவிடுகிறது. அவற்றின் ஆயுள் சராசரியைக் கீழே இழுக்கிறது. புத்தகத்து எண் வெற்றிடத்தில் இருக்கும் மியூவானுக்கு. என் மியூவான்கள் பிளாஸ்டிக்கில் இருந்தன.

அடுத்த சில வருடங்கள் காமா கதிர் பக்கம் போனேன். 3 அங்குல சோடியம் அயோடைடு படிகம், அலுமினிய உறைக்குள் மூடி முத்திரையிட்டது. ஈரம் பட்டால் மஞ்சளாகிப் பாழாகிவிடும் என்பதால் அந்த உறை. எந்த ஆற்றலில் எத்தனை கதிர் வந்தது என்பதை அது வரைபடமாகக் காட்டும். கதிர்ப்பொருளான சீசியம்-137-ஐப் பக்கத்தில் வைத்தால் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு சிகரம் எழும். அகலம் 7 சதவீதம். ஊசிக்கோபுரமாக இல்லாமல் மொட்டைக் குன்றுபோல இருக்கும். ஜெர்மானியம் டிடெக்டர் இதைவிடப் பல மடங்கு கூர்மை. ஆனால் அதைத் திரவ நைட்ரஜன் ஊற்றி மைனஸ் 196 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். பிடிவாதமான வீட்டுப் பெரியவர்களைக் கவனிப்பதுபோல அதைக் கவனிக்க வேண்டும். நான் குன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

எந்தக் கதிர்ப்பொருளும் பக்கத்தில் இல்லாதபோதும் படிகம் சும்மா இருக்காது. கான்கிரீட்டிலுள்ள பொட்டாசியம்-40 எப்போதும் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு சிகரம் காட்டும். நம் உடம்புக்குள்ளும் அது உண்டு. வளர்ந்த ஒருவரின் உடலில் மட்டும் வினாடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட பொட்டாசியம் சிதைவுகள். பின்னணிக் கதிர்வீச்சு என்கிறோமே, அதில் நாமும் அடக்கம். இந்தப் பின்னணியை ஒரு வாரம் அளந்து வைக்கலாம் என்று ஈயச் செங்கல் அடுக்காமல் ஓடவிட்டேன். மூன்றாம் நாள் பின்னிரவில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. இரண்டு மணி நேரம் கழித்து இறங்கியது.

சூடு கண்ட பூனை நான். ஒளிக்கசிவுதான் என்று முடிவுகட்டினேன், நள்ளிரவுக்குப் பிறகு எங்கிருந்து வெயில் வரும் என்றுகூட யோசிக்காமல். கேபிளை மாற்றினேன். மின்னழுத்தப் பெட்டியை மாற்றினேன். இரண்டு நாள் கழித்து, இம்முறை பட்டப்பகலில், மறுபடி அதே ஏற்றம். பெருக்கியைக் கழற்றப் போனவனை அண்ணன் நிறுத்தினார். "எல்லாத்தையும் கழட்டிட்டா எது காரணம்னு எப்படிப்பா சொல்லுவ? முதல்ல எந்த இடத்துல ஏறுதுன்னு பாரு."

பார்த்தேன். 1461 சிகரம் இருந்த இடத்தில், இருந்த உயரத்தில் அப்படியே இருந்தது. கருவி தடுமாறியிருந்தால் அதுவும் நகர்ந்திருக்க வேண்டும். ஏறியிருந்தவை 352-ம் 609-ம். முதலாவது ஈயம்-214, இரண்டாவது பிஸ்மத்-214. இரண்டும் ரேடான் வாயுவின் வாரிசுகள். மண்ணிலுள்ள யுரேனியத்தின் வழிவந்த ரேடான் காற்றில் கலந்து சிதையும். பிறக்கும் வாரிசுகள் தூசியிலும் நீர்த்துளியிலும் ஒட்டிக்கொண்டு மேலே மிதக்கும். மழை பெய்தால் காற்று அலசப்பட்டு அவை மொத்தமாகத் தரைக்கு வந்துவிடும். ஒன்றின் அரை ஆயுள் 27 நிமிடம், மற்றதுக்கு 20. மழை விட்டதும் எண்ணிக்கை சுமார் அரைமணிக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். என் வரைபடத்தின் இறங்குமுகம் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது.

என் படிகம் கூரைக்குக் கீழே உட்கார்ந்தபடி மழையைப் பார்த்திருக்கிறது. நான் அதைக் கோளாறு என்று கழற்றப் போனேன்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கதிர்வீச்சை அளக்கிறவர்கள் வெகுகாலமாக அறிந்த விஷயம். ஆனால் எனக்கு அது புரட்டிப்போட்டதுபோல இருந்தது. வெயிலைக் காஸ்மிக் கதிர் என்று நினைத்த அதே ஆள்தான், நிஜமான கதிர்வீச்சைக் கசிவு என்று நினைத்தான். முதல் முறை நம்பக்கூடாததை நம்பினேன். இரண்டாம் முறை நம்ப வேண்டியதை நம்பவில்லை. இரண்டு முறையும் நான் பார்க்காமல் விட்டது ஒன்றையேதான்: கருவிக்கு வெளியே அன்று என்ன நடந்தது என்பதை.

அரிதான நிகழ்வுகளைத் தேடுகிறவர்களுக்கு இந்த வெளியை அடைப்பதே வாழ்நாள் வேலை. மியூவான்களிடமிருந்து தப்பிக்கப் பூமிக்கடியில் போவார்கள். 1965-ல் கோலார் தங்கவயலில் 2 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித்தான் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். ஆழம் போனாலும் பாறையின் காமா கதிர் இருக்கும். அதைத் தடுக்க ஈயம். அந்த ஈயத்துக்குள்ளேயே ஈயம்-210 என்ற கதிர்ப்பொருள் கலந்திருக்கும், அரை ஆயுள் 22 வருடம். புதிதாக உருக்கிய ஈயம் ஆகாது, பழசு வேண்டும். கிரான் சாஸோவில் க்யூவோர் சோதனைக்காரர்கள் பயன்படுத்துவது ரோமானியர் காலத்து ஈயம். ஏறத்தாழ 2,000 வருடங்களுக்கு முன் சார்டினியக் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த கட்டிகள். அவற்றில் எழுத்துப் பொறித்திருந்த பகுதிகளை வெட்டிப் பத்திரப்படுத்திவிட்டு மீதியை உருக்கினார்கள். தொல்லியல்காரர்களும் இயற்பியல்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருப்பார்களே, அந்த அறையில் இருந்திருக்க ஆசை.

என் சோதனைகள் அந்த அளவுக்குப் பெரியவை அல்ல. அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் போன பிறகு ஆய்வகக் குறிப்பேட்டில் ஒரு மாற்றம் செய்தேன். தேதி, நேரம், மின்னழுத்தம், ஒவ்வொரு பலகையின் தனி எண்ணிக்கை, அறை வெப்பம் ஆகியவற்றுக்குப் பிறகு கடைசியாக 'வானம்' என்று ஒரு கட்டம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவியின் பக்கங்களைப் புரட்டினேன். எல்லாக் கட்டமும் அழகான கையெழுத்தில் நிரம்பியிருந்தது. வானம் என்ற கட்டத்தில் மட்டும், வரிக்கு வரி, 'தெரியாது. அறைக்கு ஜன்னல் இல்லை' என்று இருந்தது.

உண்மைதான். மேற்கு ஜன்னல் இருந்த அறையை விட்டு நாங்கள் எப்போதோ கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டோம்.

"மேல போய்ப் பார்த்துட்டு வந்து எழுதும்மா" என்றேன்.

"ஒவ்வொரு தடவையுமா சார்?"

"ஒவ்வொரு தடவையும்."

கொஞ்சம் முகம் சுளித்துக்கொண்டுதான் படியேறினாள். திரும்பி வந்தபோது தோளில் நாலைந்து ஈரப்புள்ளிகள். பேனாவை எடுத்து எழுதினாள்: தூறல், 3:40. பிறகு நான் சொல்லாமலே திரைக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு, 609-க்கு நேரே பார்த்தபடி உட்கார்ந்தாள்.